இப்போது குழந்தை யாரிடம்?

எந்த இயந்திரமும் நின்ற பிறகுதான், அது இத்தனை நாள் எப்படி ஓடியது என்று யோசிக்கத் தோன்றும். ஓடுகிறவரை அதன் மேல் ஈரத்துணியைக் காயப்போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருப்போம். வண்டு என்கிற இரண்டரை வயதுப் பெண் குழந்தையை ஒரு தெரு பார்த்துக்கொண்ட ஏற்பாடும் அப்படி ஓர் இயந்திரம்தான். அது நின்ற கதைக்குப் போகுமுன், ஓடிய விதத்தைச் சொல்லிவிடுவது முறை.

வண்டுவின் அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. அங்கே ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை உண்டு. துவைத்த படுக்கை விரிப்பை இந்த முனையில் ஒருத்தியும் அந்த முனையில் ஒருத்தியும் பிடித்து, சுருக்கம் போக இழுத்து, ஒரே சமயத்தில் உருளைக்குள் விடவேண்டும். ஒருத்தி கையை விட்டால் விரிப்பு கோணிக்கொண்டு உருளையைச் சுற்றிக்கொள்ளும். உருளையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் மேலே வார்டில் யாரோ வெறும் மெத்தையில் கிடப்பார். அதனால் பாதியில் கிளம்புவது என்பது அந்த வேலையில் கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் ஒருமுறை ஓடிவந்தபோது மேற்பார்வையாளர் கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி விட்டுட்டுப் போனா, திரும்பி வர வேணாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் சோபா மாமாவின் பட்டறை. பழைய சோபாவைப் பிரித்து, தொங்கிப்போன ஸ்பிரிங்கைக் கட்டி, ஸ்பாஞ்ச் மாற்றி, மேல்துணி அடித்துக் கொடுப்பது அவர் தொழில். வண்டுவின் அம்மா அவரை "அண்ணே" என்றாள். ஆகவே அவர் வண்டுவுக்கு மாமா. வண்டு கூப்பிடக் கூப்பிடத் தெருவுக்கே மாமா ஆகிவிட்டார்.

பட்டறை வாசலில் இடுப்பளவுக்கு ஓர் அரைக்கதவு. காலையில் அதைத் திறக்குமுன், கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றைத் தரை முழுவதும் இழுத்துக்கொண்டு போவார். முந்தின நாள் சிதறிய குட்டி ஆணிகளெல்லாம் அதில் வந்து அப்பிக்கொள்ளும். அம்மா இடுப்பில் இருந்தபடி வண்டு எட்டிப் பார்த்து, "மீனு! மீனு!" என்று கை தட்டும். தரை சுத்தமான பிறகு குழந்தை அரைக்கதவுக்கு மேலாகக் கை மாறும்.

"இந்தாங்கண்ணே, உங்க முதலாளி வந்தாச்சு."

"வாங்கம்மா வாங்க. நீங்க வராம கடையைத் திறக்க முடியுதா?"

மூலையில் வெட்டி மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகள் குவிந்திருக்கும். வண்டு அதில் விழும், எழும், ரீங்காரம் போடும், களைத்தால் அதிலேயே தூங்கும். மாமா சோபா கொண்டுபோய்க் கொடுக்கிற நேரத்தில் குழந்தை எதிர்ச்சாரி ரொட்டிக்கடை அக்காவிடம் போகும். அக்கா அடுப்பில் தட்டு ஏற்றும்போது, மாடிவீட்டு பஸ் டிரைவருக்கு ஓய்வாக இருந்தால் அவரிடம் போகும். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு கை நிறையும்போது இன்னொரு கை காலியாக இருக்கும். அவ்வளவுதான் அந்த இயந்திரம். இதற்குப் பெயர் இருக்கிறது என்றே தெருவுக்குத் தெரியாது.

பெயரை ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தாள். 'உற்றார் நண்பர் அண்டையர் குழந்தைப் பராமரிப்பு ஆதரவு வாரியம்' என்று எழுதிய பட்டை அவள் கழுத்தில் தொங்கியது. கையில் ஒரு பை. பைக்குள் ஒரு தொப்பி, ஒரு குவளை. இரண்டிலும் 'தாங்குவோரைத் தாங்குவோம்' என்று அச்சடித்திருந்தது.

"நான் ஆதரவு அலுவலர், மாமா. உங்களை ஆதரிக்க வந்திருக்கேன்."

மாமா வாயிலிருந்த ஆணிகளை எடுத்து டப்பாவில் போட்டார். "எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா."

"குழந்தையைப் பார்த்துக்கிறீங்க இல்ல?"

"பார்த்துக்கிறது என்ன, அது பாட்டுக்கு அது இருக்கு. நான் பாட்டுக்கு நான் இருக்கேன்."

"ஆதரவே இல்லாம இத்தனை நாளா பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்றாள் அலுவலர். அவள் கண் உண்மையாகவே கலங்கியது. நல்ல பெண்தான், அதில் சந்தேகமில்லை.

"அதெல்லாம் வேணாம்மா. நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு."

"ஆதரவு வேணாம்னு சொல்றதுதான் ஆதரவு தேவைங்கிறதுக்கு முதல் அறிகுறி, மாமா. எங்களுக்குப் பாடத்துலயே இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதோட, ஆதரவு இல்லாத பராமரிப்புன்னு ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சுட்டா, ஒண்ணு ஆதரிக்கணும், இல்லேன்னா நிறுத்தணும். நிறுத்த எனக்கு மனசு வரல."

மாமாவுக்கும் நிறுத்த மனசு வரவில்லை. தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். வண்டு அதைப் பிடுங்கித் தான் போட்டுக்கொண்டது.

முதலில் ஒரு சிக்கல் வந்தது. வாரியத்தில் உற்றார் பிரிவு, நண்பர் பிரிவு, அண்டையர் பிரிவு என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் மூன்று மாடி. மாமா என்று குழந்தை கூப்பிடுவதால் அவர் உற்றார் என்றது முதல் மாடி. சுவர் ஒட்டியிருப்பதால் அண்டையர் என்றது மூன்றாம் மாடி. நடு மாடிக்காரர் வந்து, "குழந்தையோட அம்மாகூட நீங்க சிரிச்சுப் பேசுவீங்களா?" என்று கேட்டார். பேசுவேன் என்றார் மாமா. "அப்போ நண்பர்" என்று கையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் மூன்று மாடியும் சமாதானமாகி, அவரை மூன்று ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டன. ஆதரிக்கப்பட்டோர் எண்ணிக்கை அந்தக் காலையிலேயே ஏறிவிட்டது என்று நடு மாடியில் இனிப்பு கொடுத்தார்கள்.

அடுத்தது பயிற்சி. வாரியத்தின் கூடம் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தது. வாசலில் பலகை: 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.' குழந்தைகள் இருந்தால், குழந்தைகளைப் பற்றிப் பயில்கிறவர்களின் கவனம் குழந்தைகள் மேல் போய்விடுமாம்.

இயக்குநர் மேடையில் ஏறினார். நல்ல கனத்த குரல், ஒலிபெருக்கி அதிகப்படி.

"குழந்தைங்கன்னா எனக்கு உயிர். இந்த வாரியத்துக்காக என் வாழ்க்கையையே கொடுத்தவன் நான். எனக்கும் ரெண்டு குழந்தைங்க உண்டு. அதுங்க எப்படி வளர்ந்ததுன்னு எனக்கே தெரியாது. யாரோ பார்த்துக்கிட்டாங்க. அந்த 'யாரோ'வைக் கண்டுபிடிக்கணும்! கண்டுபிடிச்சு, உட்கார வெச்சு, நாம பேசணும்!"

கூடம் கைதட்டியது. மாமாவும் தட்டினார். பிறகு ஒரு துணிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். குழந்தையைத் தூக்கும் முறை அதைக்கொண்டுதான் விளக்கப்படும். பொம்மையின் கழுத்துத் தையல் விட்டுப்போய்த் தலை முதுகுப் பக்கம் தொங்கியது. மாமாவுக்குக் கை பரபரத்தது.

"ஊசி இருந்தா கொடுங்க சார், கழுத்துல நாலு தையல் போட்டுடறேன்."

"அது வாரியத்தோட சொத்து. தொடக்கூடாது."

"தொடாம எப்படி சார் தூக்கறது?"

"தூக்கறது ரெண்டாம் கட்டப் பயிற்சி" என்றார் பயிற்சியாளர்.

அன்று மாலை கூடத்தைக் கலைக்குமுன், ஒவ்வொருவரையும் எழுப்பி ஒலிபெருக்கியில் ஒரு கேள்வி கேட்டார்கள். வாரியத்தில் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் சுழல்கிறது. கடிகாரத்துக்குச் சுருள்வில் எப்படியோ, வாரியத்துக்கு இது அப்படி.

"இப்போது குழந்தை யாரிடம்?"

மாமா பொய் சொல்லிப் பழகாதவர். ஸ்பாஞ்ச் பழசு என்றால் பழசு என்று சொல்லித்தான் விற்பார். "ரொட்டிக்கடை அக்காகிட்ட" என்றார்.

கூடம் அதிர்ந்தது. ஆதரவு அலுவலர் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்தாள். "பார்த்தீங்களா சார்! ஆதரவே இல்லாம இன்னொருத்தங்க!"

மறுவாரம் ரொட்டிக்கடை அக்காவுக்குத் தொப்பி வந்தது. அக்கா மாவுக் கையோடு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் ரெண்டு பெத்து வளர்த்தவடி. என்னைப் போய்க் குழந்தையைத் தூக்கக் கத்துக்கச் சொல்றியா?"

"அதுதான்க்கா சிக்கலே. அனுபவம் உள்ளவங்களுக்குத்தான் பயிற்சி ரொம்பத் தேவை. அனுபவத்தை வெளியே எடுத்தாத்தானே பயிற்சி உள்ளே போகும்?"

"எடுத்துட்டு எங்க வைப்ப?"

"அதுக்கு ஒரு பிரிவு இருக்குக்கா."

ஒரே குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரே நாளில் பயிற்சிக்கு வரவேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் தூக்கி, குழந்தை குழம்பிப்போய்விடுமாம். ஆகவே மாமாவும் அக்காவும் சேர்ந்து பஸ் ஏறினார்கள். வண்டு டிரைவரிடம் இருந்தது. மாலையில் கேள்வி வந்தது. அக்கா மாமாவின் தொடையைக் கிள்ளினாள். மாமா அதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"வாய் இருக்கே உங்களுக்கு! சோபாவுக்கு அடிக்கிற ஆணியில ஒண்ணை அதுல அடிச்சா என்ன?" பஸ்ஸில் வழி முழுக்க அக்கா திட்டிக்கொண்டே வந்தாள்.

"பொய் சொன்னா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? குழந்தை விஷயம்க்கா."

"ஏதாவது ஆகறதே இதனாலதான்யா ஆகப்போகுது."

அடுத்த தடவை டிரைவரும் கூட வந்தார். வண்டு டிரைவரின் மச்சினியிடம் இருந்தது. அதற்கடுத்த தடவை மச்சினி வந்தாள். வண்டு பூட்டுக்கடைக்காரரிடம். பிறகு பூட்டுக்கடைக்காரர், அவருடைய அண்ணி, அண்ணியோடு சீட்டாடும் கோடிவீட்டுக்காரர். வாரியத்தார் இதைத் 'தொடர் ஆதரவு' என்று அழைத்தார்கள். ஒரு குழந்தையை வைத்து இத்தனை பேரைக் கண்டெடுத்த தெரு இதற்குமுன் இல்லையென்று இயக்குநர் தழுதழுத்தார். தெருவில் பட்டறை பூட்டியிருந்தது, ரொட்டிக்கடை பூட்டியிருந்தது, பூட்டுக்கடையும் பூட்டியிருந்தது. வண்டு போன வாரம்வரை முகம் பார்த்திராதவர்கள் மடியில் உட்கார்ந்து, ரீங்காரம் போடாமல் இருந்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றாள் வண்டுவின் அம்மா ஒரு காலையில். "தினம் ஒரு வீட்டுக்கதவைத் தட்டிக் குழந்தையை நீட்டறேன். முந்தி உங்க கதவு ஒண்ணுதான். வேலைக்குப் போய்ச் சேர்ந்தும் மனசு அந்தக் கதவுலயே நிக்குது. எதிர்ல நிக்கிறவ கேக்கறா, என்னடி விரிப்பு இப்படிக் கோணுதுன்னு."

"இந்த விழாவோட முடிஞ்சுரும்மா. சான்றிதழ் கொடுத்துட்டா அப்புறம் நம்ம பக்கமே வரமாட்டாங்களாம்."

விழா என்பது, தெருவையே 'முழுமையாக ஆதரிக்கப்பட்ட தெரு' என்று அறிவிக்கும் விழா. ஒருவர் குறைந்தாலும் முழுமை போய்விடும் என்பதால் எல்லாரும் வந்தாக வேண்டும். மாமா அலுவலரிடம் கேட்டார்.

"எல்லாரும் வந்துட்டா, அன்னிக்குக் குழந்தை?"

அலுவலர் முகம் சுளித்தாள். "அந்தக் கேள்வியை நாங்கதான் மாமா கேக்கணும்."

வேறு வழியில்லாமல் மாமா வண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போனார். வாசலில் காவலாளி தடுத்தார். வயதான மனிதர், பலகையைக் காட்டுவதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது.

"சரி, என் ரூம்ல உக்காரட்டும் சார். நானும் பேரப்பிள்ளைங்க எடுத்தவன்தான். நீங்க போய்க் கைதட்டிட்டு வாங்க."

கண்ணாடி வைத்த சின்ன அறை. வண்டு அவருடைய மேசை மேல் ஏறி உட்கார்ந்து அவர் விசிலை வாயில் வைத்தது. மாமாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கை நிறைந்தால் இன்னொரு கை காலியாக இருக்கும் என்கிற பழைய இயந்திரம் இங்கும் ஓடுகிறதே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இயக்குநர் நெடுநேரம் பேசினார். "இந்தத் தெருவுல முன்னாடி யார் வேணாலும் குழந்தையைத் தூக்குவாங்க. எப்படித் தூக்கறோம்னே தெரியாம தூக்குவாங்க. இன்னிக்கு அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்க. ஒருத்தர்கூடத் தூக்கறதில்ல! எல்லாரும் பயிற்சியில இருக்காங்க!"

சான்றிதழ் வாங்க மாமாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியை அவர் வாயருகே கொண்டுபோய், கூடத்தைப் பார்த்துக் கண்ணடித்து, வழக்கமான கேள்வியைத் தொடங்கினார். கூடமே சேர்ந்து சொன்னது: "இப்போது குழந்தை யாரிடம்?"

முன்வரிசையில் ரொட்டிக்கடை அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வாசல்ல" என்றார் மாமா. "காவலாளிகிட்ட."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம வாசல்லயே! இத்தனை வருஷமா நம்ம வாசல்லயே ஆதரவில்லாம ஒருத்தர்! கூட்டிட்டு வாங்க அவரை!"

இரண்டு பேர் ஓடினார்கள். காவலாளியை இரு பக்கமும் அணைத்து மேடைக்குத் தூக்கிவந்தார்கள். "குழந்தை தனியா இருக்குய்யா... விடுங்கய்யா" என்று அவர் சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை. அவர் தலையில் தொப்பியை வைத்தார்கள். மாமா மேடையிலிருந்து குதித்தார். குழுப்படம் எடுப்பதற்காகக் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். படம் எடுத்து முடிகிறவரை யாரும் அசையக்கூடாதாம். கடைசியில் பூட்டுக்கடைக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

அறை காலி. விசில் தரையில் கிடந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாரியத்தின் அவசரப் பிரிவு அந்த வழியாக வந்து, ஆளில்லாத அறையில் அழுதுகொண்டிருந்த குழந்தையைக் கண்டு, மாடியில் ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் போன முதல் குழந்தை அதுதான். மாமா கதவைத் தட்டினார். உள்ளே வண்டு "மாமா, மாமா" என்று அலறியது.

"நீங்க யாரு?" என்றார் அவசரப் பிரிவுக்காரர்.

மாமா சான்றிதழை நீட்டினார்.

"இது நீங்க நல்லாப் பார்த்துக்கிறவர்னு சொல்லுது. குழந்தை உங்ககிட்ட இல்லேங்கிறதால இது செல்லாது. பெத்தவங்ககிட்டதான் கொடுப்போம். போன் பண்ணியாச்சு."

"எங்க பண்ணீங்க?" என்றார் மாமா.

"அவங்க வேலை செய்யற இடத்துக்குத்தான். வேற எங்க?"

வண்டுவின் அம்மா ரப்பர் செருப்போடும் ஈர மேலங்கியோடும் வந்தாள். வழி முழுக்க ஓடிவந்திருக்க வேண்டும். யாரையும் பார்க்கவில்லை. கதவு திறந்ததும் குழந்தையை வாரி எடுத்து, முகத்தை, கையை, காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விட்டுட்டு வந்துட்டேன்ணே" என்றாள். "விரிப்பு உருளைக்குள்ள பாதி போயிருந்துச்சு."

ஆதரவு அலுவலர் அருகில் வந்து மண்டியிட்டு, மிகவும் கனிவாகக் கேட்டாள். "இப்போது குழந்தை யாரிடம்?"

வண்டுவின் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட."

"இனிமே?"

"இனிமே வேற வேலை என்ன இருக்கு? என்கிட்டதான்."

தாய் உற்றார் பட்டியலில் இல்லை, நண்பர் இல்லை, அண்டையரும் இல்லை. மூன்று மாடிக்கும் அவள் சொந்தமில்லை. ஆகவே வாரியத்தைப் பொறுத்தவரை அந்த வேலை அந்த நொடியில் முடிந்தது. குழந்தையைத் தாயிடமே சேர்த்த முதல் தெரு என்று அடுத்த வாரம் வாசலில் பெரிய படம் கட்டினார்கள். ஈர மேலங்கியோடு அவள் உட்கார்ந்திருந்த படம்தான். அதை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

விழாவுக்கு மறுநாள் காலை மாமா வழக்கம்போல் காந்தத்தை இழுத்தார். "மீனு!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. வண்டு ஓடிவந்து அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டியது. அவர் குனியுமுன் அம்மா வந்து இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ணே."

"சும்மா ஒரு நிமிஷம்மா..."

"ஒரு நிமிஷம் எடுத்தாலும் மறுபடியும் வந்து ஆதரிப்பாங்க. என்னால தாங்க முடியாது."

அவள் சலவைக் கூடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாள். அவள் இருந்த முனையில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். சில நாள் கழித்து, தெரு சோம்பல் முறிக்குமுன்னே, ஒரு பெட்டியோடும் குழந்தையோடும் பட்டறைக்கு வந்தாள்.

"வேற ஊருக்குப் போறோம்ணே. அங்க எனக்கு அக்கா இருக்கா. அவ பார்த்துக்குவா, நான் எங்கயாவது வேலைக்குப் போவேன்." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, திருட்டுப்பொருளைப் பற்றிப் பேசுகிறவள்போல் சொன்னாள். "எனக்கு அக்கா இருக்கான்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க வாயைப் பத்தித் தெரியும். கெஞ்சிக் கேக்கறேன்."

மாமா ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்து, மேல்துணி வைத்துத் தைத்துவைத்திருந்தார். தலையணை அளவு. வண்டு அதைக் கட்டிக்கொண்டே போனது.

ஒரு நாள் ஆதரவு அலுவலர் வந்தாள். தொடர் கவனிப்பு என்று ஒன்று இருக்கிறது; முடிந்துபோன இடங்களுக்கும் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். அவள் அரைக்கதவுக்கு வெளியே நின்றாள். மாமா உள்ளே நின்றார். ஸ்பாஞ்சுக் குவியலில் குழந்தை தூங்கிய பள்ளம் இன்னும் நிமிரவில்லை. ஸ்பாஞ்ச் பழசானால் அப்படித்தான்.

"அவங்க வீடு பூட்டியிருக்கே மாமா. ஊரை விட்டுப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"அம்மா வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்கன்னு நெனைக்கிறேன்."

அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. அடுத்து எந்தக் கேள்வி வரும் என்று மாமாவுக்குத் தெரியும். எதிர்ச்சாரியில் ரொட்டிக்கடை அக்கா தட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"அப்போ, இப்போது குழந்தை யாரிடம்?"

வாழ்க்கையில் முதல் பொய் அவ்வளவு சுலபமாக வருமா? மாமா டப்பாவிலிருந்து ஆணிகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"யார்கிட்டயும் இல்ல."

"யார்கிட்டயுமா? சொந்தக்காரங்க?"

"இல்ல."

"தெரிஞ்சவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க?"

"அந்தக் குழந்தைக்கு யாருமே இல்லம்மா. அதுபாட்டுக்குத் தனியா கெடக்கு."

அலுவலர் நீண்ட பெருமூச்சு விட்டாள். தோள் தளர்ந்தது. நல்ல பெண்தான்.

"அப்பாடா" என்றாள். "யாராவது பார்த்துக்கிட்டிருந்தாத்தான் மாமா பிரச்சனை."

அவள் போன பிறகு மாமா காந்தத்தை எடுத்துத் தரை முழுவதும் இன்னொருமுறை இழுத்தார். காலையில் ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது. ஓர் ஆணிகூட ஒட்டவில்லை.